ஒட்டியாணம் கட்டிய ஏழு

பிரான்ஸுக்கு விண்ணப்பித்தேன், புதுச்சேரி கொடுத்தார்கள்.

இதில் யார் மீதும் தப்பில்லை. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் "பயணத்தின் அவசியம்" என்ற கட்டத்தில், பிரான்ஸில் ஒரு மலைமேல் உள்ள வானாய்வகத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு இரவு வேலை பார்த்த ஒருவரை நேரில் கண்டு சில சந்தேகங்கள் கேட்க வேண்டும் என்று அழகாக எழுதினேன். எங்கள் துறைத் தலைவி, நாங்கள் மேடம் என்று மட்டுமே அழைப்பவர், முன்யோசனையாக அந்த மலைக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். பதில் வந்தது. அவர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். சொந்த ஊர் புதுச்சேரி.

"பஸ்லயே போயிடலாமே சங்கரலிங்கம்" என்றார் மேடம், எனக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு.

அதற்குள் நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். மூன்றாம் மாடி அம்மாள் சென்ட் பாட்டிலின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். கோவில்பட்டியிலிருந்து அக்காள் கணவர் கோட்டுக்கு அளவு சொல்லியிருந்தார். புதுச்சேரி என்று தெரிந்ததும் எல்லாப் பட்டியல்களும் சத்தமில்லாமல் மாறின. அத்தான் கேட்டதும் பாட்டில்தான், ஆனால் வேறு பாட்டில்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், நீளாது. வானத்தில் சில நட்சத்திரங்கள் தனியாக இருப்பதுபோல் பாவனை செய்யும். ஆனால் நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை பக்கத்தில் இருந்துகொண்டு இழுத்தால் அப்படித்தான் ஆகும். அந்தத் தள்ளாட்டத்தை நேரில் பார்க்க முடியாது. நட்சத்திரத்தின் ஒளியைக் கருவியில் விட்டு வண்ணங்களாகப் பிரித்தால் நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் விழும். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது கோடுகள் ஒரு மயிரிழை நீலப் பக்கம் நகரும். விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம் நகரும். கோடுகள் ஒழுங்காகப் போய்ப்போய் வந்தால், இழுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். எத்தனை நாளுக்கு ஒரு சுற்று, எவ்வளவு இழுப்பு என்று தெரிந்தால், பார்க்காமலே அவரை எடைகூடப் போட்டுவிடலாம்.

நான் பின்தொடர்ந்த நட்சத்திரத்துக்குத் தொலைபேசி எண் மாதிரி ஒரு நீளப் பெயர் உண்டு. அலுவலகத்தில் அதை மாப்பிள்ளை என்போம். 'எனக்கு யாரும் இல்லை' என்று சாதிப்பதால் வந்த பெயர். மாப்பிள்ளையின் பழைய படங்கள், அதாவது அவருடைய கோடுகள் விழுந்த கண்ணாடித் தகடுகள், அந்தப் பிரெஞ்சு மலையில் நாற்பத்து மூன்று இருந்தன. கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அவர்களே அளந்து அனுப்பிவிட்டார்கள். எந்த நாளில் எடுத்த தகடு என்பது மட்டும் உறைமேல் கையால் எழுதியிருந்தது. அந்த உறைகளின் நகல்தான் என்னிடம் இருந்தது.

வானியல்காரர்களுக்கு மாதம், வருடம் எல்லாம் ஆகாது. என்றோ ஒரு நாளில் தொடங்கி நாள்களை நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போவோம். உறையில் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் இருக்கும். இரண்டு வருடமாக அவற்றைக் கணினியில் போட்டு, மாப்பிள்ளை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறார் என்று தேடினேன். புள்ளிகள் கடுகு தாளித்த மாதிரி நாலா பக்கமும் தெறித்துக் கிடந்தன. பதினான்கு உறைகளில் ஏதாவது ஓர் இலக்கத்தை வேறு அடித்திருந்தது. எழுதியவருக்கே சந்தேகமான இரவுகள் போலும் என்று நேர்மையாக அவற்றை ஒதுக்கிவிட்டேன். 'நேர்மையாக' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி கெடு. பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பம் அதற்குள் போக வேண்டும். சுற்றுக்கு எத்தனை நாள் என்று எழுதினால்தான், எந்தத் தேதியில் பார்ப்பது என்று கேட்க முடியும்.

"அந்த எண் கிடைக்கலைன்னா மாப்பிள்ளையை விட்டுடுவோம். வேற இடம் பாக்கலாம்" என்று மேடம் தரகர் மாதிரி சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை வந்து இறங்கினேன். பிரெஞ்சு வானாய்வகத்தில் இரவெல்லாம் கண்விழித்தவரின் பெயர் தனிஸ்லாஸ்; பிரெஞ்சு மரியாதையோடு சொன்னால் முசியே தனிஸ்லாஸ். அவர் தமிழில் எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. 'பன்னிரண்டு மணிக்கு வரவும், சாப்பாடு இங்கேதான்' என்று எழுதி, முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் தட்டாஞ்சாவடியில் ஓர் ஐஸ் கம்பெனி எடுத்தது. மூன்றாவது முறை, "ஐயா, எத்தினி பார் வேணும்னு மட்டும் சொல்லுங்க, நாங்க என்னா பேசறதுக்கா ஒக்காந்துருக்கோம்" என்றார்கள்.

ஆட்டோக்காரர் கடிதத்தை வாங்கிப் பார்த்து, "எழுபத்தேழு" என்றார். நானும் எழுபத்தேழு என்றுதான் படித்திருந்தேன். கால்வாய்க்கு மேற்கே ஒரு நீளமான தெருவின் கடைசியில் இறக்கிவிட்டார். நட்சத்திர வரைபடங்கள் வைத்த நீளக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு மணியை அடித்தேன். நாற்பது வயதுப் பெண் ஒருவர் கதவைத் திறந்து, என் குழாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேபிளா?"

"இல்லைங்க, நான் பெங்களூர்லேர்ந்து வர்றேன். அந்தக் கோடுகள் விஷயமா..."

"கோடுதான்! மூணு நாளா கோடு கோடா வருது. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப்போச்சி. இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அத்தே, கேபிள்காரரு வந்துட்டாரு!"

உள்ளே தொலைக்காட்சிக்கு எதிரில் அமர்ந்திருந்த மாமியார் திரும்பாமலே சொன்னார். "நல்லா கேளுடி வசந்தா அவன. முந்தாநாளு அந்தப் பொண்ணு வெஷம் குடிச்சாளா இல்லியான்னே தெரியல. நெஞ்சு பதறுது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக என் கோடுகளைப் பற்றி இவ்வளவு ஆவலாக யாரும் கேட்டதில்லை. தவிர, தெரியாது என்று சொல்லும் பழக்கம் என் தொழிலில் கிடையாது. மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. அதில் ஒரு திருகைத் திருகினேன்.

"வந்துச்சி!" என்று கீழேயிருந்து குரல். இன்னும் கொஞ்சம் திருகினேன். "போயிடிச்சி!" பின்னால் திருகினேன். "வந்துச்சி! ஐயோ, போயிடிச்சி! ஆ, வந்துச்சி, வந்துச்சி, கைய எடுங்க!"

எப்போது வருகிறது, எப்போது போகிறது. மாப்பிள்ளையிடமிருந்து இரண்டு வருடமாக நான் கெஞ்சிய தகவல் இவ்வளவுதான். கையை எடுத்தேன். படம் நின்றது. முப்பத்தெட்டு வயதில் என்னுடைய முதல் வெற்றிகரமான பரிசோதனை அது. விஷம் குடித்த பெண் பிழைத்துக்கொண்டாள் என்று மாமியார் அறிவித்தார்.

சும்மா அனுப்ப மனமில்லாமல் தட்டு வைத்தார் வசந்தா. கணவர் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை செய்வதாகவும், ஊரில் இன்னும் கொஞ்சம் நிலம் இருப்பதாகவும், கேபிள் கம்பெனி முதலாளிக்கு அவர் இந்த மாதம் சரியான பாட்டு விடப்போவதாகவும் சொன்னார். சங்கரா மீன் குழம்பு. கோவில்பட்டியில் மீன் எங்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து களைத்துப்போய் வந்து சேரும். இது களைக்காத மீன். பாதியில்தான் நினைவு வந்து, "முசியே தனிஸ்லாஸ் எப்ப வருவார்?" என்று கேட்டேன்.

"யாரு, சொல்தாவா? அவரு வூடு இது இல்லியே. அந்தக் கோடி, பதினொண்ணு."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். தனிஸ்லாஸ் ராணுவத்தில் சில வருடம் இருந்துவிட்டு, பிறகு மலைக்குப் போனவர். நான் கடிதத்தை நீட்டினேன். வசந்தா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரு ஒண்ணு போட்டா ஏழு மாதிரிதான் இருக்கும். பிரான்சு எழுத்தாம். அவுங்க தபால் பாதி இங்கதான் வரும். போன கிறிஸ்மசுக்கு அவுங்க சொந்தக்காரங்க குடுத்தனுப்ன கேக்கு எங்களுக்கு வந்துடிச்சி."

"திருப்பிக் கொடுத்தீங்களா?"

"தட்ட குடுத்துட்டோம்."

நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஐஸ் கம்பெனியின் மர்மம் விளங்கியது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு வருடச் சிக்கலின் விடை என் தட்டில், மீனுக்குப் பக்கத்தில் பரிமாறப்பட்டிருந்தது. நான் மீனை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

பதினோராம் எண் வீட்டில் கதவைத் திறந்தவர் மதாம் ரோசாலி. முசியேயின் மனைவி. பின்னால் சாய்வு நாற்காலியில், லுங்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக முசியே தனிஸ்லாஸ். வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தூரத்தில் போகும் காக்கா தெரியும். கையிலிருக்கும் கடிதம் தெரியாது. படிக்கும் கண்ணாடி இன்னும் வரவில்லை.

"போன்ழூர்! பன்னெண்டு மணின்னு எழுதினேன். இப்ப ரெண்டு. பெங்களூர்ல கடியாரம் கெடையாதா?"

"எழுபத்தேழாம் நம்பருக்குப் போயிட்டேங்க."

"அங்க எதுக்குப் போனீங்க?" என்றார், மனதார வியந்து.

ரோசாலி அம்மாள் காதில் எதையும் வாங்காமல் இரண்டாவது சாப்பாட்டைப் போட்டுவிட்டார். நண்டுக் குழம்பு, கூடவே நீளமான பிரெஞ்சு ரொட்டி. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழம்பு. இட்லிக்கு நான் செய்த முதல் துரோகம் அது.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "முசியே, உறையில பதினாலு இடத்துல நம்பரை அடிச்சிருக்கீங்களே, அந்த ராத்திரியில எல்லாம் என்ன ஆச்சு?"

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நான் அடிச்சேனா?"

"ஆமாங்க. குறுக்கே கோடு போட்டு."

"இந்தா பாருங்க. பனி கொட்டும், வெரல் மரத்துப் போவும். நட்சத்திரம் ஒரு பொட்டு எடத்த வுட்டு நவுராம மூணு மணி நேரம், நாலு மணி நேரம் அத புடிச்சிகினு நிக்கணும். அதான் என் வேல. ஒரு ராத்திரிய கூட நான் அடிச்சது கெடையாது. தப்பா எழுதினாத்தான அடிக்கறதுக்கு?"

"நகல்ல தெளிவா இருக்குங்க."

"அப்ப நகல்தான் தப்பு." ரோசாலி பக்கம் திரும்பினார். "கேட்டியா? பெங்களூர்லேர்ந்து வந்து, என் ராத்திரிய நானே அடிச்சேன்றாரு."

"நண்டு ஆறுது" என்றார் ரோசாலி.

அதற்குமேல் அன்று பேச்சு நகரவில்லை. கிளம்பும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "நாளைக்கி சாயந்திரம் பெத்தாங் ஆடற எடத்துக்கு வாங்க" என்றார். கோபக்காரர்தான், ஆனால் விருந்தாளியைக் கைவிடாதவர்.

வியாழக்கிழமை காலை கடற்கரைச் சாலையில் நடந்தேன். உடம்பைக் குறைக்க ஓடுகிறவர்களையும், குறைந்துவிட்டதா என்று அவர்களைப் பார்ப்பவர்களையும் கடந்து, மீன் வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லாமல் மீன் வாசனையைத் தொடர்ந்து மார்க்கெட் பக்கம் போனேன். அங்கே ஆள் உயரச் சுற்றுச்சுவர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி மட்டும் தெரிந்தது. புதுச்சேரிப் போலீஸின் தொப்பி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கவிழ்த்த சிவப்பு டப்பா மாதிரி, ஒரு மைல் தூரத்திலிருந்து அடையாளம் சொல்லலாம். தொப்பி நாலடி இந்தப் பக்கம் வந்தது. நின்றது. நாலடி பின்னால் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. உடம்பு தெரியவில்லை, பேச்சு கேட்கவில்லை. நான் நின்றுவிட்டேன். மாப்பிள்ளை!

சுவரைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். தொப்பிக்காரரின் இடுப்புக்குச் சற்று மேல்வரை மட்டுமே இருந்த மீன்காரம்மா ஒருவர், கனகசெட்டிக்குளத்துக்காரராம், அவர் சட்டைக் கையைப் பிடித்து ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இத மோந்து பாரு சார். இப்ப அத மோந்து பாரு. எது நேத்து மீனு, சொல்லு? உன் வூட்டுக்கார அம்மா என்னைய ஏமாத்துக்காரின்னு சொல்லலாமா?"

"அம்மா, நான் டூட்டில கீறேன்."

"மூக்கு டூட்டில இல்லல்ல? மோந்து பாரு!"

முப்பது பேருக்கு முன்னால் கரும்பலகையில் நான் ஒரு மணி நேரம் விளக்கும் பாடம் இதுதான். கண்ணுக்குத் தெரிகிறவர் பளிச்சென்ற தொப்பியோடு ஆடுகிறார். ஆட்டுகிறவர் சுவருக்குப் பின்னால் நிம்மதியாக இருக்கிறார். என்ன, இந்தத் தொப்பியின் சுற்றுக்காலம் எட்டு விநாடி என்று கைக்கடிகாரத்தை வைத்து உடனே கண்டுபிடித்துவிட்டேன். என் மாப்பிள்ளையிடம்தான் என் கடிகாரம் தோற்றது.

மதியம் மேடம் கைபேசியில் வந்தார். "ஏதாவது தேறுச்சா?"

"நண்டு நல்லா இருந்தது மேடம்."

"நாளைக்குப் பன்னிரண்டு மணி, சங்கரலிங்கம்" என்று வைத்துவிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு மரத்தடி மண் தரையில் பெத்தாங் நடந்துகொண்டிருந்தது. சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூரத்தில் எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீசுவார்கள். யாருடையது கிட்டே கிடக்கிறதோ அவருக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவர் ஜெயித்தவர். கோலிக்குண்டு ஆட்டம் ஓய்வூதியம் வாங்கியபின் இப்படி ஆகும் போலிருக்கிறது. கண் ஆபரேஷனால் தனிஸ்லாஸுக்கு ஆடத் தடை. சிலேட்டை மடியில் வைத்து, சாக்பீஸால் கொட்டை கொட்டையாகப் புள்ளிகளை எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய கோபத்தைக் குறைக்க ஊர்க்காரர்களைப் பாராட்டலாம் என்று முடிவு செய்தேன். சிலேட்டைப் பார்த்தேன். இடது பக்கம் ஏழு. வலது பக்கம் எழுதிய எண்ணைக் குறுக்கே அடித்திருந்தது. இடது அணித் தலைவர், தொப்பை கொஞ்சம் முன்னால் போகும் ஒரு பெரியவர், துண்டால் வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"ஏழு எடுத்துட்டீங்களே! பிரமாதம். எதிராளிக்கு ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டீங்க!"

அவர் கையை உருவிக்கொண்டார். "தனிஸ்லாஸ், இது யாருய்யா? ஒரே ஒரு பாயின்ட்டு எடுத்து நொந்துபோய் நிக்கறேன், கிண்டல் பண்றாரு!"

"சிலேட்டுல ஏழுன்னு போட்டிருக்கே?" என்றேன்.

"அது ஒண்ணு" என்றார் தனிஸ்லாஸ். "ஏழு அந்தப் பக்கம் இருக்கு."

"அதைத்தான் அடிச்சிருக்கீங்களே!"

"அடிக்கல!" சிலேட்டை என் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "ஒண்ணுக்கு மூக்கு இருக்கும். ஏழுக்கு இடுப்புல ஒட்டியாணம் இருக்கும். ஒட்டியாணம் கட்டினா ஏழு, கட்டலன்னா ஒண்ணு. பிரான்சுல பால் குடிக்கற புள்ளைக்குக்கூட இது தெரியும்!"

பெத்தாங் குண்டு ஒன்று டக்கென்று இன்னொன்றின் மேல் விழுந்தது. எனக்குள்ளும் ஏதோ விழுந்தது. பையைத் திறந்து, இரண்டு வருடமாகத் தூக்கிச் சுமந்த பட்டியலை எடுத்தேன். நான் ஏற்றுக்கொண்ட இருபத்தொன்பது இரவுகள், இரவுக்கு நான்கு இலக்கம். மேலிருந்து கீழாகப் பார்த்தேன். கீழிருந்து மேலாகப் பார்த்தேன்.

ஒன்று என்ற இலக்கமே அதில் இல்லை.

இரண்டு உண்டு, மூன்று உண்டு, ஏழு மட்டும் வயலில் களை மாதிரி மண்டிக் கிடந்தது. இரண்டு வருடம். முனைவர் பட்டம் வாங்கிய நான், ஒன்றே இல்லாத எண்களை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாதமும் தேதியும் போட்டு எழுதியிருந்தால் எழுபத்தேழாம் தேதி என்று ஒன்று வந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். நாங்கள்தான் மாதமே ஆகாத கூட்டமாயிற்றே. அவருடைய ஒன்றையெல்லாம் ஏழாக்கி, அவருடைய ஏழையெல்லாம் அடித்தது என்று குப்பையில் போட்டிருக்கிறேன். நேர்மையாக.

தரையிலேயே உட்கார்ந்து, தனிஸ்லாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டைக் கீழே வைத்தார்.

"பதினாலு ராத்திரிய தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"ஆமாங்க."

"ஏழு போட்டதுக்கா?"

"ஆமாங்க."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினார். தொப்பைப் பெரியவரைக் கூப்பிட்டு, "எனக்கு மட்டுந்தான் கண்ணுல ஆபரேஷன்னு நெனச்சேன். இவுருக்கு என்னா பண்றதுன்னு தெரியலயே!" என்றார். ஒரு பாயின்ட்காரர் அப்போதுதான் என்னை மன்னித்தார்.

அப்போதே உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்று நான் துடித்தேன். அழைத்துப்போக வந்த ரோசாலி அம்மாள் சம்மதிக்கவில்லை. "அவருக்குச் சொட்டு மருந்து போடணும். இருவத்தஞ்சு வருஷம் காத்திருந்த நட்சத்திரம் நாளைக்கிக் காலைல வரைக்கும் இருக்காதா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவர்கள் சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினி உட்கார்ந்தது. முசியேவால் படிக்க முடியாது. என்னை எண் படிக்க இனி இந்த வீட்டில் யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே ரோசாலி அம்மாள் படித்தார், நான் தட்டினேன். சிறு வயதில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளியில் கணக்குப் பயின்றவர். எண் என்றாலே வாயில் பிரெஞ்சுதான் வரும். பிரெஞ்சுக்காரர்கள் எழுபத்தேழை அறுபத்துப் பதினேழு என்பார்களாம். தொண்ணூற்றொன்று நாலிருபது பதினொன்றாம். மூன்றாவது உறையிலேயே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"அம்மா, ஒவ்வொரு இலக்கமா, தமிழ்ல சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாலு. மூணு. ஏழு, ஒட்டியாணத்தோட. ஒண்ணு" என்றார் ரோசாலி. முசியே சாய்வு நாற்காலியிலிருந்து ஒவ்வோர் ஒட்டியாணத்துக்கும் ஒரு தலையாட்டல் போட்டார்.

பத்தரை மணிக்கு நாற்பத்து மூன்று இரவுகளும் உள்ளே போய்விட்டன. கணினியைத் தட்டினேன். அது ஒவ்வொரு சுற்றுக்காலமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. மின்விசிறி சட்டென்று நின்றது. மின்சாரம் போய்விட்டது. பேட்டரி இருபது நிமிடம் தாங்கும் என்று ஓரத்தில் எழுதிக் காட்டியது. நான் மூச்சுவிடுவதைக் குறைத்துக்கொண்டேன், மின்சாரம் மிச்சமாகும் என்பதுபோல.

புள்ளிகள் அசைந்தன, கூடின, திடீரென்று வரிசையில் நின்றன. ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறும் ஒரே ஓர் அலை. ஒரு புள்ளிகூட வெளியே நிற்கவில்லை. நான் குப்பையில் போட்ட பதினான்கும் அலையின் உச்சியிலும் அடியிலும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அதனதன் இடத்தில் நின்றன.

"என்னா ஆச்சி? ஏன் பேச்சக் காணும்?" என்றார் முசியே.

"மாப்பிள்ளைக்குத் துணை இருக்குங்க. குறைஞ்சது நம்ம சூரியன் எடை இருக்கும். ஆனா ஒரு கீற்று வெளிச்சம் கிடையாது. என்னன்னு இனிமேதான் போய்ப் பார்க்கணும்."

"சுத்து எத்தினி நாளு?"

எண்ணைப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பதினேழு."

"ஒண்ணு, ஏழு" என்றார் முசியே நிதானமாக. "ரெண்டுமே உங்களுக்குத் தெரியாத நம்பரு."

பிறகு தன் காலைத் தானே தட்டிக்கொண்டார். "கேட்டியா ரோசாலி? ஒரு ராத்திரி கூட வீணாப் போவல."

மேடத்தின் விண்ணப்பப் படிவம் பையில் தயாராக இருந்தது. ஒரே ஒரு கட்டம்தான் காலி. முசியேயின் பேனாவால் அதை நிரப்பினேன். நன்றி தெரிவிக்கும் இடத்தில் அவர் பெயரையும் எழுதினேன். அதற்குள் மின்சாரமும் திரும்பியிருந்தது. பேக்ஸ் அனுப்பும் கடை தெருவின் கடைசியில் இருந்தது. நான் ஓட, முசியே கறுப்புக் கண்ணாடியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். எழுபத்தேழாம் எண் வாசலில் வசந்தா வழிமறித்தார்.

"கேபிள் சார்! மறுபடியும் கோடு வருது!"

"எனக்கும் வந்துடுச்சிங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "அப்ப கம்பெனிலதான் கோளாறு போல" என்று மாமியாருக்கு உள்ளே தகவல் போனது.

பதினொன்றே முக்காலுக்குப் படிவம் போனது. கடை வாசலில் நின்று இருவரும் சோடா குடித்தோம். பதினொன்று ஐம்பதுக்குக் கைபேசி அடித்தது. மேடம்.

"சங்கரலிங்கம், ரொம்ப அவசரம், சட்டுனு சொல்லுங்க. சுற்றுக்காலம் ஏழு நாளா?"

"இல்லையே மேடம்."

"ஏழுன்னுதான் போட்டிருக்கீங்க. பக்கத்துல இன்னொரு நம்பரை எழுதி அடிச்சிருக்கீங்க. கடைசி நேரத்துல இப்படி அடிச்சுத் திருத்தி அனுப்பினா குழுவுல என்ன நினைப்பாங்க?"

நான் சோடாவைக் கீழே வைத்தேன். இரண்டு நாளில் என் கையே மாறிப்போயிருந்தது. எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை.

"அடிக்கல மேடம்" என்றேன். "அது ஒட்டியாணம்."

"என்னது?"

பத்து நிமிடத்தில் இரண்டு வருடக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். மேடம் சிரித்து நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன். "பதினேழு. அனுப்பிட்டேன்" என்றார் கடைசியில். "மாப்பிள்ளை நமக்குத்தான்."

முசியே தனிஸ்லாஸ் சோடாவைக் குடித்து முடித்து, பாட்டிலைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்.

"அந்தம்மாவும் ஏழுன்னா படிச்சாங்க?"

"ஆமாங்க."

"படிச்சவங்கதான?"

"எங்க துறைக்கே தலைவிங்க."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். "பாவம்" என்றார். "அவுங்களுக்கும் ஒரு நண்டுக் குழம்பு வெக்கச் சொல்றேன். வெலாசம் மட்டும் நீங்க எழுதிக் குடுக்காதீங்க."